சத்தம் பார்த்து எடுத்த துப்பாக்கி

எண்பதுகளின் தொடக்கத்தில், காரைக்காலில் ஒரு கார்த்திகை மாதப் புயல் அடித்து ஓய்ந்த பிறகு நடந்தது இது. கோட்டுச்சேரியைத் தாண்டி வடக்கே போனால் எங்கள் தென்னந்தோப்பு. தோப்பு முடிகிற இடத்தில் உப்புத் தண்ணீர் ஏறி இறங்குகிற ஒரு வாய்க்கால். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நாங்கள், பாண்டிச்சேரி கவர்ன்மெண்ட். அந்தப் பக்கம் தமிழ்நாடு. ஆடு மேய்ப்பவர்களும் நண்டு பிடிப்பவர்களும் அப்படி ஒரு எல்லையைச் சட்டை செய்ததே இல்லை. எனக்கும் அது பெரிதாகப்பட்டது அந்த வருடம்தான்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. மீதியெல்லாம் மளிகைச் சாமான் கட்டி வந்த காகிதத்தில் படித்ததும், நாலு பேர் பேசக் கேட்டதும்தான். யாராவது ஒரு பேச்சை நன்றாகச் சொல்லிவிட்டால் முந்தானையில் முடிந்துகொள்கிற மாதிரி முடிந்து வைத்துக்கொள்வேன். அப்படி முடிந்து வைத்தவற்றை அவிழ்த்துத்தான் இப்போது எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் ஈராக்கில், பாஸ்ரா பக்கம், ஒரு கட்டடக் கம்பெனியில் கம்பி கட்டுகிற வேலையில் இருந்தார். ஈரானுக்கும் ஈராக்குக்கும் சண்டை மூண்டபோது எங்கள் தெருவே என் வீட்டு வாசலில் நின்றது. அவர் ஒரு கேசட்டில் பேசி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். சண்டை எங்கேயோ எல்லையில் நடக்கிறது, எங்களுக்கு ரேடியோவைத் திருப்பினால்தான் தெரியும் என்று சிரித்துக்கொண்டே பேசியிருந்தார். பிள்ளைகளுக்கு ஒரு பாட்டும் பாடியிருந்தார். சுருதி எங்கோ போயிற்று. அந்தக் கேசட்டைத் தெருவில் எல்லார் வீட்டு டேப்ரிக்கார்டரிலும் போட்டுச் சிரித்தோம். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஆனாலும் அவரை வரவழைத்துவிட வேண்டும், திரும்பப் போக விடக் கூடாது என்று இருந்தேன். சும்மா 'போக வேண்டாம்' என்று சொன்னால் ஆகுமா? வீட்டில் உலை வைக்க ஒரு வழி காட்ட வேண்டாமா? அதற்காக நான் பிடித்த வழிதான் வான்கோழி.

எங்கள் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய குடும்பங்கள் உண்டு. பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை 'சொல்தா' என்போம். பிரான்சிலிருந்து மாதம் பிறந்தால் பென்ஷன் வரும். டிசம்பரில் நொயேல், அதாவது கிறிஸ்துமஸ், வந்தால் அந்த வீடுகளில் மேஜை நடுவில் ஒரு முழு வான்கோழி இருந்தாக வேண்டும். பாண்டிச்சேரியிலிருந்து பஸ்ஸில் கூடையில் போட்டு வாங்கி வருவார்கள். வந்து சேருவதற்குள் பாதி பறவைக்கு உயிர் போய்விடும். நான் தோப்பிலேயே குஞ்சு வாங்கி விட்டு வளர்த்தேன். ஒரு நொயேல் நல்லபடியாகக் கொடுத்துவிட்டால் அடுத்த நொயேலுக்கும் வருவார்கள், கல்யாணத்துக்கும் வருவார்கள், என் வீட்டுக்காரர் இங்கேயே இருந்து என்னோடு பார்த்துக்கொள்வார். மற்றவர்களுக்கு அது பறவை. எனக்கு அவர் வீட்டில் இருப்பதற்கு ஒரு காரணம்.

அந்தக் காரணத்தைத்தான் புயல் கொண்டு போனது. வேலி சாய்ந்து, தோப்பில் முழங்கால் தண்ணீர் நின்றது. விடிந்து பார்த்தால், கால் ஊனமான ஒரு சேவலைத் தவிர ஒன்றுகூட இல்லை. செத்திருந்தால் மிதந்திருக்கும். மிதக்கவில்லை. எல்லாம் தப்பித்து, வாய்க்கால் கரையோரத் தாழம்புதரிலும் வேலிக்காத்தானிலும் புகுந்துவிட்டன. வான்கோழி நாலு நாள் மனுஷர் கை படாமல் இருந்தால் மறுபடி காட்டுப் பறவை ஆகிவிடும் என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டேன். தவிடு வைத்தேன், வரவில்லை. என் பழைய குரலில் கூப்பிட்டேன், வரவில்லை. வலை கட்டினேன். என் புடவைதான் அதில் சிக்கியது. காலையில் சேற்றில் இறங்கினால் மாலையில் முள்ளைப் பிடுங்கிக்கொண்டு உட்காருவேன். சோறு பொங்க எழுந்திருக்கவே தெம்பு இருக்காது. பிள்ளைகள் அவலைத் தின்றுவிட்டுப் படுத்துவிடும்.

அந்த நிலைமையில்தான் அவர் லீவில் வந்து இறங்கினார்.

வந்த மனிதர் வெறும் பட்டியைப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர், "சரி விடு புள்ள" என்றார். அவ்வளவுதான். போய்ப் படுத்துக்கொண்டார். தை பிறந்தால் லீவு முடிகிறது. திரும்பிப் போக விசா பாஸ்போர்ட்டில் குத்தியே இருந்தது. எனக்கு அந்த 'சரி விடு' மனதை அறுத்தது. இவருக்குப் போகத்தான் மனசு இருக்கிறது, வான்கோழி தொலைந்தது சௌகரியமாகப் போய்விட்டது என்று நினைத்தேன்.

அவர் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு சம்பவம். பக்கத்துத் தோப்புப் பிள்ளைகள் தீபாவளிக்கு மிஞ்சிய வெடிகளைக் காய வைத்துக் கொளுத்திக்கொண்டிருந்தன. எல்லாம் நமுத்துப் போயிருந்தன. ஒரே ஒரு வெடி மட்டும் சுமாராக வெடித்தது. உடனே பட்டியில் இருந்த என் நொண்டிச் சேவல் கழுத்தை நீட்டிக் கொளகொளவென்று கத்தியது. அது கத்தினதோடு, எங்கோ புதருக்குள்ளிருந்து லேசாக இன்னொரு கொளகொள. வான்கோழி வளர்த்தவர்களுக்கு இது தெரியும். இடி இடித்தாலும் சரி, நகராட்சிச் சங்கு ஊதினாலும் சரி, சேவல் தன்னை அறியாமல் பதில் கொடுத்துவிடும். வாயை அடக்க அதற்குத் தெரியாது. அதிலும் பொழுது சாய்கிற நேரத்தில், மரத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு, கட்டாயம் பதில் வரும். எந்த மரம் என்று தெரிந்துவிட்டால் போதும். இருட்டினதும் வான்கோழிக்குக் கண் தெரியாது. கிளையிலிருந்து பூப்பறிக்கிற மாதிரி எடுத்துவிடலாம்.

ஆக எனக்கு வேண்டியது வாய்க்கால் முழுக்கக் கேட்கிற ஒரு பெரிய சத்தம். வெடி போதாது. துப்பாக்கி வேண்டும்.

இதை என் காக்காவிடம் சொன்னேன். என் மூத்த அண்ணன். கோட்டுச்சேரியில் சைக்கிள் கடை. ஊரைக் கிண்டல் பண்ணியே வயிறு நிறைகிற ஆள். அவர் முதலில் நான் வான்கோழியைச் சுடப்போகிறேன் என்று நினைத்துக் கடிந்துகொண்டார். குண்டடி பட்டுச் செத்து விழுந்தால் கத்தி படாத பறவை நமக்கும் ஆகாது, உயிரோடு கேட்கிற நொயேல் வீட்டுக்காரர்களுக்கும் ஆகாது என்றார். குண்டே வேண்டாம் காக்கா, மருந்து மட்டும் போட்டு வெடித்தால் போதும் என்றேன். காக்கா கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"துப்பாக்கிய கேட்டு வான்கோழி பதில் சொல்லணும். சரி. எந்தத் துப்பாக்கிக்குப் பதில் சொல்லும்னு யாரக் கேக்குறது?"

அதற்கும் வழி வைத்திருந்தேன். நொண்டிச் சேவலைக் கூடையில் வைத்துக் கூடவே கொண்டுபோவது என்று.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் லைசென்ஸ் துப்பாக்கி என்றால் பெரும்பாலும் பழைய காலத்து மாதிரிதான். குழல் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்து, கம்பியால் இடித்து, பின்னால் பொட்டுவெடி மாதிரி ஒரு கேப்பு வைத்து வெடிக்கிற துப்பாக்கி. வயலில் கிளி, வௌவால் விரட்ட வைத்திருப்பார்கள். லைசென்ஸ் ஆளுக்குத்தானே தவிர இரவல் வாங்குகிறவர்களுக்கு இல்லை. அதனால் துப்பாக்கியைப் பிடிக்க வேண்டுமானால் துப்பாக்கிக்காரரையும் சேர்த்தே பிடிக்க வேண்டும். பெண் எடுக்கப் போனால் மாமியாரும் வருகிற மாதிரி என்று காக்கா சொன்னார்.

என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டேன். தலை வலிக்கிறது, நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்றார்.

காக்கா சைக்கிளை உருட்ட, பின்னால் கூடையில் சேவல், பக்கத்தில் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு நான். புயலில் ரோடு முழுக்கக் குழி. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் விசாரித்தார்கள். துப்பாக்கி பார்க்கப் போகிறோம் என்று காக்கா சொல்ல, "சேவல் எதுக்கு பாய், மாப்பிள்ளைத் தோழனா?" என்றார் ஒருவர். எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

முதல் துப்பாக்கி ஒரு நெல் மிராசு வீட்டில். குட்டையான ஒற்றைக்குழல். வீட்டு ஐயா களத்துமேட்டில் நின்று வெடித்துக் காட்டினார். தலையணையைத் தூக்கித் தரையில் போட்ட மாதிரி ஒரு சத்தம். சேவல் கூடைக்குள் இருந்த அரிசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தது, தலையைத் தூக்கக்கூட இல்லை. அந்த ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. குண்டு போட்டால் நல்ல சத்தம் வரும், வெறும் மருந்து வெடிக்க நான் என்ன கோயில் திருவிழாவில் வேட்டுப் போடுகிறவனா என்று கேட்டார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று வந்துவிட்டோம்.

இரண்டாவது ஆற்றோரத்தில் வெற்றிலைக்கொடி வைத்திருந்த ஒருவருடையது. ஆள் உயரத்துக்கு நீளம். கட்டையும் குழலும் சேருகிற இடத்தில் கம்பி சுற்றியிருந்தது. சுற்றின கம்பியும் துரு. அவர் விசையை இழுத்தார். சுத்தியல் மாதிரி இருந்த குதிரை விழுந்து கேப்பு 'டிக்' என்றது. அப்புறம் ஒன்றும் இல்லை. அவர் குழலைத் திருப்பி உள்ளே பார்க்கப் போனார். "அண்ணே, பாக்காதீங்க" என்று காக்கா கத்தவும், அது நிதானமாக ஒரு மூச்சு வாங்கிவிட்டு வெடிக்கவும் சரியாக இருந்தது. மேலே கொட்டகைக் கூரையில் ஓலை பிய்ந்தது. அந்த மனிதர் சிரித்தபடி, இது எப்போதும் இப்படித்தான், யோசித்துத்தான் செய்யும் என்றார். சேவல் பதில் கொடுத்தது என்னவோ நிஜம். ஆனால் அந்த ஆளை எங்கள் தோப்புக்குக் கூட்டி வந்து, அவர் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?

மறுநாள் தலத்தெருவுக்குப் போனோம். அன்றும் என் வீட்டுக்காரர் வரவில்லை. தொழுகைக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டார். தொழுகைக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. போகிற வழியெல்லாம் நான் சைக்கிளுக்கு முன்னாலேயே விறுவிறுவென்று நடந்தேன். காக்காதான் மெதுவாக, வெளிநாட்டில் மாடாய் உழைத்துவிட்டு வந்திருக்கிறார், கொஞ்சம் படுத்துக்கிடக்கட்டுமே என்றார்.

தலத்தெருவில் இருந்தவர் ஒரு சொல்தா. வயதானவர், மனைவி இல்லை. பிள்ளைகள் பிரான்சில். வீட்டின் பின்புறம் பூராவும் வெட்டவெளி. அவருடையது இரட்டைக்குழல். நானும் எத்தனையோ பிள்ளைப்பேறு பார்த்திருக்கிறேன், ஒரு சாமானை அப்படித் துணியில் சுற்றி, அப்படி ஏந்தி எடுத்து வந்ததைப் பார்த்ததில்லை. தேங்காயெண்ணெய் பூசி, குழல் மையாய் மின்னியது. காக்கா விரலை நீட்டினார். "தொடாதீங்க தம்பி. வேர்வை உப்பு, குழலைத் தின்னுடும்" என்றார். புயலன்று கூரை ஒழுகினபோது துப்பாக்கியைத் தன் கட்டிலில் போட்டுவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம். இதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பே வரவில்லை. மருந்தைச் சின்னக் குப்பியில் அளந்து போட்டார். நாரைத் தானே உதிர்த்துத் திணித்தார். எங்களைப் பின்னால் போகச் சொன்னார். காதைப் பொத்திக்கொள்ளுங்கள், இப்போது வெடிக்கப்போகிறேன் என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னார்.

வெடித்தது. காதில் கேட்டதா, நெஞ்சுக்குள் கேட்டதா என்று தெரியவில்லை. காக்கைகள் கிளம்பி வானமே கறுத்தது. கூடைக்குள் சேவல் தாடை சிவக்க, இறகு சிலிர்க்க, விடாமல் கொளகொளவென்று கத்தியது. கத்தி முடித்து, மறுபடியும் கத்தியது.

"இதுதாங்க முசியே" என்றேன், ஐயா என்பதற்கு அந்த வீடுகளில் சொல்கிற பிரெஞ்சுச் சொல்லில். பெண்ணுக்கு நகை பிடித்துவிட்ட மாதிரி என் குரல் இருந்தது என்று காக்கா பிற்பாடு சொல்லிக் காட்டுவார்.

அவர் இரண்டு நிபந்தனை போட்டார். துப்பாக்கியை வேறு யாரும் தொடக் கூடாது. அவர் லைசென்ஸ் காரைக்காலுக்கு மட்டும்தான். வாய்க்காலைத் தாண்டி ஓர் அடி வைக்க மாட்டார். பறவை அந்தப் பக்கம் இருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். துப்பாக்கிக்குத்தான் எல்லை, சத்தத்துக்கு ஏது எல்லை, அது போய்க் கேட்டுவிட்டு வரும் என்றார். இந்தப் பேச்சையும் முடிந்து வைத்துக்கொண்டேன்.

ராத்திரி சோறு போடும்போது என் வீட்டுக்காரரிடம் விவரம் சொன்னேன். நாளைக்குப் பொழுது சாய வெடிப்பார்கள், வாய்க்காலில் இறங்க ஆள் வேண்டும், காக்காவுக்கு மூச்சிரைப்பு, நீங்கள்தான் வரவேண்டும் என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ஒரு தடவதானே வெடிப்பாங்க?"

இரண்டு குழல், இரண்டு தடவை என்றேன். முதலில் திசை தெரியும், கொஞ்சம் நகர்ந்து போய் இன்னொன்று வெடித்தால் மரமே தெரிந்துவிடும் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் விளக்கினேன். சரி என்றார். கை கழுவ எழுந்தபோது தட்டில் சோறு அப்படியே இருந்தது.

மறுநாள் நாலு பேரும் வாய்க்கால் கரையில் நின்றோம். சாக்கு, கூடை, கயிறு எல்லாம் தயார். வெயில் இறங்கி, தண்ணீர் மேல் செம்மண் கரைத்த மாதிரி வெளிச்சம். சொல்தா நிதானமாக இரண்டு குழலிலும் மருந்து இடித்தார். வழக்கம்போல் இரண்டு தடவை சொன்னார். நான் காதைப் பொத்தாமல் இருந்தேன், பதில் வருவதைத் தவறவிடக் கூடாதே என்று.

வெடித்தது.

எதிர்க்கரையில், தமிழ்நாட்டுப் பக்கம், முந்திரித் தோப்பிலிருந்து ஒன்று, இரண்டு, அப்புறம் ஒரு கூட்டமே கொளகொளவென்று கத்தியது. ஒரு மாதமாக நான் கேட்காத சத்தம். என் பறவைகள் உயிரோடு இருந்தன. எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "கேட்டியளா மச்சான்" என்று என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன்.

அவர் அங்கே இல்லை.

கீழே பார்த்தேன். தாழம்புதருக்கு அடியில், சேற்றில், குப்புறப் படுத்திருந்தார். இரண்டு கையும் தலைக்கு மேல் கோத்திருந்தன. முழங்கை முள்ளில் கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. முதுகு மட்டும் ஏறி ஏறி இறங்கியது. காக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. என்ன மச்சான், வழுக்கி விழுந்துட்டியளா என்று சிரித்துக்கொண்டே கை கொடுக்கப் போனார். கை பட்டதும் அவர் இன்னும் சுருண்டுகொண்டார். காக்காவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

நான் நகரக்கூட இல்லை. பத்து வருஷம் குடும்பம் நடத்தின மனிதர். யாரோ ஒருவரைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றேன்.

சொல்தா எங்களை ஒன்றும் கேட்கவில்லை. துப்பாக்கியில் வெடிக்காத குழல் ஒன்று மீதி இருந்தது. இடித்த மருந்தை எடுக்க வேண்டுமானால் வெடித்துத்தான் எடுக்க வேண்டும், அதுதான் வழக்கம். அவர் இரண்டாவது கேப்பைக் கழற்றித் தண்ணீரில் எறிந்தார். தலையில் இருந்த தொப்பியை எடுத்து, வாய்க்காலில் இறங்கி, உப்புத் தண்ணீரை மொண்டார். மொண்டு, அந்தக் குழலின் வாயில் ஊற்றினார். வழிகிற வரைக்கும் ஊற்றினார். விரல் பட்டால் வேர்வை தின்றுவிடும் என்று சொன்ன மனிதர்.

"முசியே" என்றார் காக்கா.

சொல்தா துப்பாக்கியை மண்ணில் கிடத்திவிட்டு, என் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் தள்ளி, சேற்றிலேயே உட்கார்ந்தார். தொடவில்லை.

"தம்பி, துப்பாக்கியில தண்ணி ஊத்திட்டேன். இனிமே அது வெடிக்காது. மெதுவா எழுந்திரிங்க. ஒண்ணும் அவசரம் இல்ல."

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. எதிர்க்கரையில் பறவைகள் ஒவ்வொன்றாக அடங்கின. பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கு மக்ரிப் பாங்கு கேட்டது. அப்போதுதான் என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார். முகமெல்லாம் சேறு. முதலில் அவர் பார்த்தது துப்பாக்கியை. குழல் வாயிலிருந்து கரிமருந்து கரைந்து மை மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தார். அப்புறம் வாய்க்காலில் இறங்கி முகம் கழுவினார்.

வீட்டுக்குப் போகலாம், பறவை போனால் போகட்டும் என்றேன். அவர் கேட்கவில்லை. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, வா என்று சாக்கை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அக்கரைக்கு நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். சொல்தா எல்லை தாண்ட மாட்டார், காக்காவால் தண்ணீரில் நிற்க முடியாது.

முந்திரி மரத்தடியில் கண் மறைகிற இருட்டுக்காக உட்கார்ந்திருந்தோம். தலைக்கு மேலேயே கிளையில் என் பறவைகள் மூட்டை மூட்டையாக இருந்தன. அவராகவே பேசினார், வாய்க்குள் பேசுகிற மாதிரி. சண்டை எல்லையில் இல்லையாம். அவர்கள் படுத்திருந்த கொட்டகைக்குப் பக்கத்துக் கொட்டகையிலேயே குண்டு விழுந்ததாம். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ஒரு மலையாளத்துப் பையன் தண்ணீர் குடிக்க எழுந்து போனவன், வரவில்லையாம். ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டேன்.

"என்னத்த சொல்றது. நீ கேசட்டு போட்டு எல்லாரையும் கேக்க வச்சேன்னு சொன்னியே. அது குண்டு விழுந்த மறுநாள் பேசுனதுதான் புள்ள."

நாங்கள் சுருதி தப்புகிறது என்று சிரித்த பாட்டு.

போக வேண்டாம் என்றேன். பறவை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் போக வேண்டாம். சோற்றுக்கு என்ன செய்வது என்றார். தெரியாது, போக வேண்டாம் என்றேன். அவர் எழுந்து கையை மெதுவாக உயர்த்தி, முதல் பறவையின் காலைப் பிடித்து, அது விழிப்பதற்குள் மார்போடு அணைத்து இறக்கினார். அப்படி ஒவ்வொன்றாக. ஒன்றுகூடக் கத்தவில்லை. அந்தக் கைகள் அவ்வளவு பதமாக இருக்கும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. பாதிக்குக் கொஞ்சம் மேலே கிடைத்தன. மற்றவை எங்கே போயினவோ.

இக்கரைக்கு வந்தபோது சொல்தா துப்பாக்கியைத் தன் சட்டையைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். உப்புத் தண்ணீரில் ஊறிப்போன குழல். வீட்டில் போய் வெந்நீர் விட்டுக் கழுவித் தேய்க்க எத்தனை நாழி ஆகுமோ. நான் ஏதோ நன்றி சொல்ல ஆரம்பித்தேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தோடு இந்தோசீனாச் சண்டைக்குப் போய் வந்த பிறகு, வீட்டில் யாராவது கதவை அடித்துச் சாத்தினால்கூட மேஜைக்கு அடியில் போய்விடுவாராம். வெகுகாலம் அப்படி இருந்தாராம். அப்புறம் எதற்கு வீட்டிலேயே துப்பாக்கி வைத்திருக்கிறீர்கள் என்று காக்கா கேட்டே விட்டார்.

"இது என் கையில இருக்கே தம்பி. எப்ப வெடிக்கும்னு எனக்குத் தெரியுமில்ல."

சேவல் ஒன்றைக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார், இதை அறுக்க மாட்டேன், முற்றத்தில் விட்டு வளர்ப்பேன் என்றார்.

அந்த நொயேலுக்குச் சொன்ன வீடுகளில் சிலவற்றுக்குக் கொடுத்தோம், சிலவற்றுக்குக் கையை விரித்தோம். தை பிறந்தது. என் வீட்டுக்காரர் போகவில்லை. அதற்காக எல்லாம் நல்லபடியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். வான்கோழி ஒரு வருஷம் கொடுத்தது, இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டது. அவர் காக்கா கடையில் பஞ்சர் ஒட்டினார், பிறகு பஸ் நிறுத்தத்தில் ஒரு பெட்டிக்கடை போட்டார். வெளிநாட்டில் அவரோடு கூட இருந்தவர்கள் மாடி வீடு கட்டினார்கள். எங்கள் வீட்டில் இன்னும் ஓடுதான். சில இரவுகளில் அவர் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்திருப்பார். நானும் எழுந்து உட்கார்ந்துகொள்வேன். ஒன்றும் கேட்கமாட்டேன். இரண்டு பேருக்கும் மறுநாள் வேலை ஓடாது.

சொல்தா எனக்கு எதையும் விளக்கிச் சொல்லவில்லை. தனக்கு உயிரான ஒரு சாமானைக் கெடுத்துக்கொண்டு, சேற்றில் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். இன்றைக்கும் எங்கள் தெருவில் யாராவது வெளிநாட்டிலிருந்து வந்து, எப்படி இருக்கிறாய் என்று கேட்டதற்கு 'நல்லா இருக்கேன்' என்று சிரித்துக்கொண்டே சொன்னால், சந்தோஷம் என்று நான் உடனே எழுந்து போய்விடுவதில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.